புளிக்குப் பதிலாக வைன்: மீனும் முயலும் ஊர்ச் சேவலும் சமைத்த பதிவு

யாழ்ப்பாணத்துச் சமையலறையில் வைன் விட்டு மீனோ இறைச்சியோ சமைக்க விரும்புபவர் முதலில் செய்யவேண்டியது பழப்புளிப் பேணியை எட்டத்தில் வைப்பதுதான். கடந்த சில மாதங்களாக வீட்டில் செய்து பார்த்தவற்றிலிருந்து நான் கண்ட முதன்மையான முடிவு இதுவே. முந்திரிகைப் பழத்தின் (திராட்சையின்) புளிப்புக்கும் பழப்புளியின் புளிப்புக்கும் பெரும்பங்கு காரணமாக இருப்பது தார்த்தாரிக் அமிலம் என்ற ஒரே பொருள். ஆகவே வழக்கமான மீன்குழம்பில் புளியையும் கரைத்துவிட்டு, அதன்மேல் வைனையும் ஊற்றினால், ஒரே புளிப்பை இருமுறை சேர்த்ததாகிவிடும். குழம்பு பல்லைக் கூசவைக்கும், வைனின் வாசமோ தேடினாலும் கிடைக்காது. புளியை முற்றாக விலக்கி, அந்த இடத்தை வைனுக்கு விட்டுக்கொடுத்தபோதுதான் உணவு ஒரு நிலைக்கு வந்தது.

வைனில் இறைச்சி வேகவைக்கும் வழக்கத்தின் ஊற்று ஐரோப்பாவின் வேட்டைச் சமையலில் இருக்கிறது. காட்டு முயலைச் சிவப்பு வைனில் வேகவைத்து, அதன் இரத்தத்தைச் சேர்த்துக் குழம்பைத் தடிப்பாக்குவதும், மானிறைச்சியை வைனிலும் வாசனைத் திரவியங்களிலும் ஓரிரு நாள் ஊறவைப்பதும், பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் கிழட்டுச் சேவலைச் சிவப்பு வைனில் மணிக்கணக்காக அவிப்பதும், ஆற்று விலாங்கை வெங்காயத்தோடு சிவப்பு வைனில் சமைப்பதும் அங்கே நெடுநாளாக நடந்துவருபவை. இவற்றை அப்படியே இங்கே செய்ய முடியாது, செய்யவும் கூடாது. இலங்கையில் மானும் மரையும் 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தாலும் அதன் திருத்தங்களாலும் பாதுகாக்கப்பட்டவை. வன்னியிலிருந்து யாராவது இரகசியமாகக் கொண்டுவந்து தரும் இறைச்சியை வாங்குவது அந்தக் காடுகளில் எஞ்சியிருப்பவற்றை அழிப்பதற்குத் துணைபோவதாகும் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. எனவே கூட்டில் வளர்த்த முயலையும், முற்றத்தில் மேய்ந்து முதிர்ந்த ஊர்ச் சேவலையும் எடுத்துக்கொண்டேன். வேட்டை இறைச்சிக்கு வைன் எதற்காகத் தேவைப்பட்டதோ, அதாவது கொழுப்புக் குறைந்த சதைக்கு ஈரமும், முதிர்ந்த சதைக்கு நீண்ட மெதுவான வேக்காடும், கடும் வாசத்துக்கு ஒரு மாற்றும், அவையெல்லாம் இந்த இரண்டுக்கும் பொருந்துகின்றன.

வைனைத் தெரிவதில் ஒரு சிக்கல் இருந்தது. வடக்கில் முந்திரிகைத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. தோலகட்டியில் செபமாலைதாசர் ஆச்சிரமத்தார் முந்திரிகையில் வைன் செய்துவருவதும் எங்கள் ஊர்களில் எல்லோரும் அறிந்ததே. ஆனால் நத்தாருக்கு வீடுகளில் செய்யப்படும் வைனும், உள்ளூரில் எனக்குக் கிடைத்த பிற வைன்களும் இனிப்பானவை. குடிப்பதற்கு அது குறையாகாது. அடுப்பில் வற்றவைக்கும்போது நீரும் மதுவும் (அற்ககோலும்) ஆவியாகிப் போக, சீனி மட்டும் அப்படியே நின்று செறிந்துவிடுகிறது. முயலுக்கு அந்த இனிப்பை ஓரளவு பொறுத்துக்கொள்ளலாம், மீனுக்கு முடியாது. மீனுக்கு இனிப்பற்ற வெள்ளை வைன்தான் வேண்டும். நகரத்தின் உரிமம் பெற்ற கடைகளில் அது கிடைக்கிறது. பூரணை நாளில் கடை பூட்டியிருக்கும் என்பதால் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. விலை கூடிய போத்தல் தேவையில்லை என்றாலும், ஒரு வாய் குடித்துப் பார்த்தால் முகம் சுளிக்கவைக்கும் வைனைச் சட்டியில் விடக்கூடாது. வற்றும்போது அதன் குறையும் சேர்ந்தே செறியும்.

வைனே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது என்ற கேள்விக்கு வரலாறு ஒரு விடையை வைத்திருக்கிறது. போர்த்துக்கேயர் இறைச்சியை வைனிலும் உள்ளியிலும் ஊறவைத்துச் சமைத்தார்கள். கோவாவில் அந்த வைனின் இடத்தைக் கள்ளில் செய்த வினாகிரி பிடித்துக்கொண்டது. 1619 முதல் 1658 வரை அவர்களுடைய ஆட்சியில் இருந்த யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளுக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. புளித்த பனங்கள்ளை வடிகட்டி, வெள்ளை வைனுக்குப் பதிலாகத் திருக்கைக்கு விட்டுப் பார்த்தேன். மது குறைவு, காடித்தன்மை கூட. ஆகவே வைனின் அளவில் பாதியே போதுமானதாக இருந்தது. திருக்கை, சுறா போன்றவற்றின் சதையில் யூரியா உண்டு. பிடித்து நேரமாக ஆக அது அமோனியாவாக மாறி மூக்கில் ஏறும். புளிப்பு அந்த வாசத்தைக் கட்டுப்படுத்துவதால்தான் எங்கள் பெண்கள் திருக்கைக்குப் புளியைத் தாராளமாக விடுகிறார்கள். கள்ளும் அதே வேலையைச் செய்தது, அதோடு புளித்த மாவை ஒத்த ஒரு மணத்தையும் தந்தது.

பாத்திரத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். அலுமினியத் தாச்சியில் வைனை வற்றவைத்தால் அமிலம் உலோகத்தை அரித்து, வெள்ளை வைன் மங்கிச் சாம்பல் நிறமாகும், நாவில் உலோகச் சுவை நிற்கும். மண்சட்டி நீண்ட வேக்காட்டுக்கு அருமையானது. ஆனால் பல வருடம் புளிக்கறி கண்ட மண்சட்டி பழைய வாசத்தை வைனுக்குக் கொடுத்துவிடும் என்பதால் புதிதாக ஒன்றை வாங்கிப் பழக்கி, இதற்கென்றே ஒதுக்கினேன். வற்றவைப்பதற்கு அடி தடித்த, வாய் அகன்ற சில்வர்ச் சட்டியே உகந்தது. ஊமலும் (பனங்கொட்டை ஓடு) கங்குமட்டையும் (பனை மட்டையின் அடிப்பகுதி) எரியும் அடுப்பில் சமைப்பவர்கள் வைனை ஊற்றுமுன் தணலை ஒதுக்கிவிட்டு ஊற்றவேண்டும். சூடான சட்டியிலிருந்து எழும் மது ஆவி சுவாலையைத் தொட்டால் பற்றிக்கொள்ளும்.

மீனில் எனக்கு நிறைவளித்தது பாரை. காலையில் சின்னக்கடைச் சந்தையில், செவுள் சிவந்து, விரலால் அமத்தினால் சதை மீண்டெழும் நடுத்தரப் பாரை ஒன்றை எடுத்து, இரண்டு சென்ரிமீற்றர் தடிப்பில் துண்டுபோடச் சொன்னேன். "அண்ணை, தலையையும் தாறன், சொதிக்கு ஆகும்" என்று மீன்காரத் தம்பி தலையையும் நடுமுள்ளையும் சேர்த்துச் சுற்றித் தந்தார். அது பெரிய உதவியாகப் போயிற்று. தலையையும் முள்ளையும் நீரில் இட்டு, இஞ்சித் துண்டும் நாலைந்து மிளகும் சேர்த்து 20 நிமிடம் மட்டும் மெதுவாகக் கொதிக்கவைத்து வடித்தெடுத்தேன். மீன்முள்ளை அரைமணி நேரத்துக்கு மேல் கொதிக்கவிட்டால் சாறு கசக்கத் தொடங்கும்.

துண்டுகளுக்கு உப்பும் வெள்ளை மிளகுத்தூளும் தடவி வைத்தேன். வைனில் ஊறவைக்கவில்லை. அமிலத்தில் அரைமணி கிடந்தால் மீனின் மேற்புறம் வெளிறிச் சுண்ணாம்புபோலாகி, வேகும்போது உதிர்ந்துவிடும். பிறகு சில்வர்ச் சட்டியில் ஒரு மேசைக்கரண்டி பட்டர் விட்டு, பொடியாக அரிந்த சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, 200 மில்லிலீற்றர் வெள்ளை வைனை ஊற்றினேன்.

இந்தக் கட்டத்தில் அடுப்பைவிட்டு நகரக்கூடாது. முதலில் எழும் ஆவியை முகர்ந்தால் மூக்கின் உட்புறம் குத்தும், அது மது. மது 78 பாகை செல்சியஸ் அளவில் கொதிப்பதால் தொடக்கத்தில் விரைவாக வெளியேறுகிறது, ஆனாலும் நீரோடு கலந்திருப்பதால் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை. சில நிமிடங்களில் குத்தல் தணிந்து, பழத்தின் மணமும் வெங்காயத்தின் இனிப்பும் மேலெழும். குமிழிகளையும் கவனிக்கவேண்டும்: முதலில் சிறியனவாக, வேகமாக, சட்டி முழுவதும் பொங்கும், நீர் குறையக் குறையப் பெரிதாகி, சோம்பலாக வெடிக்கும். அகப்பையால் அடியை வழித்தால் ஒரு கணம் தடம் தெரிந்து பிறகு மூடிக்கொள்ளும். 200 மில்லிலீற்றர் மூன்று மேசைக்கரண்டி அளவுக்கு வற்றிய அந்த நிலையில்தான் அடுத்த பொருளைச் சேர்க்கவேண்டும். இதற்கு முன் சேர்த்தால், எத்தனை நேரம் கொதிக்கவைத்தாலும் குழம்பில் பச்சை வைன் வாடை நின்றுவிடுகிறது. உப்பையும் இதற்குப் பின்பே சரிபார்க்கவேண்டும்.

வடித்த முள்ளுச் சாற்றை வற்றிய வைனோடு சேர்த்து, இரண்டு பச்சைமிளகாயும் ஒரு துண்டு ரம்பை இலையும் போட்டு, கொதி அடங்கிய சூட்டில் மீன் துண்டுகளை இறக்கினேன். நீர் ஆடவேண்டும், கொதிக்கக்கூடாது. இந்தத் தடிப்புக்கு ஏழெட்டு நிமிடம் போதும். மீனை எடுத்து மூடிவைத்துவிட்டு, சாற்றை மீண்டும் பாதியாக வற்றவைத்தேன். இறுதியாகத் தேங்காய்ப்பால். அமிலமும் சூடும் ஒன்றுசேர்ந்தால் தேங்காய்ப்பாலில் உள்ள புரதம் திரண்டு, பால் முறிந்து, எண்ணெய் தனியாக மிதக்கும். இதைத் தடுக்க, கட்டியான முதற்பால் ஒரு கோப்பைக்கு ஒரு தேக்கரண்டி அரிசிமாவைக் கரைத்து, சட்டியை அடுப்பிலிருந்து இறக்கிய பின்னர் சிறிது சிறிதாக விட்டுக் கலக்கி, மிகச் சிறிய நெருப்பில் மா வேகும்வரை மட்டும் வைத்தேன். நிறம் பழைய தந்தம்போல் வந்தது. பெரியம்மா ஒரு கரண்டி நாவில் வைத்துப் பார்த்து, "புளி விட்ட மாதிரித்தான் கிடக்கு, ஆனால் இது பழப்புளி இல்லை" என்றார். நான் எதிர்பார்த்ததும் அதைத்தான்.

தூளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இந்த வெள்ளைக் குழம்பில் சேராது. வறுத்த மல்லி, மிளகாய், சரக்கு எல்லாம் ஒன்றாக எழும்பும்போது வைன் வாய் திறக்காது. மிளகும், சிறிது பெருஞ்சீரகமும், உள்ளியும், கறிவேப்பிலையும் வைனோடு ஒத்துப்போகின்றன. கொடுவாயையும் விளைமீனையும் இதே முறையில் சமைத்தேன், இரண்டுமே நன்றாக வந்தன. கொடுவாயில் கொழுப்பு சற்றுக் கூட என்பதால் பாலைக் குறைத்துக்கொள்ளலாம்.

சிவப்பு வைனை எண்ணெய்ச்சத்து மிகுந்த மீனோடு சேர்க்கக்கூடாது. சூடையைச் சிவப்பு வைனில் வேகவைத்தபோது, மீன் எத்தனை புதிதாக இருந்தும், வாயில் ஒரு பழைய மீன்வாடை எழுந்தது. 2009 ஆம் ஆண்டில் யப்பானிய ஆய்வாளர்கள் இதற்குக் காரணம் கண்டறிந்து வெளியிட்டார்கள்: வைனில் கரைந்துள்ள இரும்பு, கடலுணவின் கொழுப்போடு வினைபுரிந்து அந்த வாடையை உண்டாக்குகிறது. சிவப்பு வைன்களில் இரும்பு பொதுவாகக் கூடுதலாக இருப்பதால் அவற்றில் இது தெளிவாகத் தெரிகிறது. கொழுப்புக் குறைந்த கணவாய்க்கு இந்தத் தொல்லை இல்லை. கணவாயை இரண்டு மூன்று நிமிடத்தில் இறக்கிவிடவேண்டும், இல்லையேல் முக்கால் மணிக்குக் குறையாமல் அவிக்கவேண்டும். இடைப்பட்ட நேரத்தில் அது தோலாக இழுபடும். சிவப்பு வைன், உள்ளி, தக்காளி ஆகியவற்றோடு மெதுவாக அவித்த கணவாய் மென்மையாகிக் கருஞ்சிவப்பில் பளபளத்தது.

இனி முயல். வளர்ப்பு முயலின் இறைச்சி வெளிறியது, கொழுப்பு மிகக் குறைந்தது. காலும் முதுகும் ஒரே நேரத்தில் வேகாதவை. முதுகுப் பகுதி 30 நிமிடத்தில் பதமாகிவிடும், பின்னங்கால்களுக்கு ஒன்றேகால் மணியாவது வேண்டும். ஆகவே இரண்டையும் ஒன்றாகப் போடாமல், கால்களைத் தொடக்கத்திலும் முதுகைக் கடைசி அரைமணியிலும் சேர்த்தேன். ஊறவைப்பதற்குப் பச்சை வைனைப் பாவிக்கவில்லை. வைனை உள்ளி, மிளகு, கறுவா, கராம்பு ஆகியவற்றோடு சில நிமிடம் கொதிக்கவைத்து மதுவைப் பெரும்பாலும் போக்கி, நன்றாக ஆறவிட்டு, அதன்பின்னரே இறைச்சியை அதில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தேன். வைன் இறைச்சிக்குள் ஆழமாக இறங்குவதில்லை, சில மில்லிமீற்றர் மட்டுமே ஊறும். உள்ளே போவது உப்புத்தான். ஆதலால் ஊறல்நீரில் உப்பு இருப்பதை உறுதிசெய்துகொள்ளவேண்டும். வைனில் ஊறிய இறைச்சியில் கிருமிகள் செத்துவிடும் என்று சிலர் நம்புகிறார்கள், அது பிழை. குறிப்பாகக் காட்டுப்பன்றி இறைச்சியில் டிரைக்கினெல்லா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும், உட்புறம் 71 பாகை செல்சியஸை எட்டும்வரை வெந்தாலன்றி அது பாதுகாப்பாகாது.

ஊறிய துண்டுகளை ஈரம் ஒற்றியெடுத்து, நெய்யில் எல்லாப் பக்கமும் பொன்னிறமாகப் பொரித்தெடுத்தேன். ஈரத்தோடு போட்டால் பொரியாமல் அவியும், நிறம் வராது. அடியில் ஒட்டிய மண்ணிறப் படிவை ஊறல்நீரை விட்டுச் சுரண்டிக் கரைத்தபோது, குழம்பின் சுவையில் பாதி அங்கேயே உருவாகிவிட்டது. இந்தச் சமையலுக்குத்தான் உள்ளூர் இனிப்பு வைனைப் பாவித்தேன். சீனி செறிந்து குழம்பு மினுங்கியது. அந்த இனிப்பைச் சமன்செய்ய இறக்கும் தறுவாயில் அரைத் தேசிக்காய் பிழியவேண்டியிருந்தது. இனிப்பு வைனைப் பாவிப்பவர்கள் மட்டும் இந்தச் சிறிய புளிப்பைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஊர்ச் சேவல் வேறொரு வகை. ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடித்திரிந்த சேவலின் தசையைச் சுற்றியுள்ள இணைப்பிழையம் முதிர்ந்து இறுகியிருக்கும். அது மெல்ல மெல்லக் கரைந்து ஊன்பசையாக மாறும்போதுதான் இறைச்சி இளகி, குழம்பு உதட்டில் ஒட்டும் பதத்தைப் பெறுகிறது. கடையில் வாங்கும் இறைச்சிக் கோழிக்கு இந்த முறை பொருந்தாது. அது முப்பது நிமிடத்தில் வெந்து, அதன்பின் நாராகிவிடும். சேவலைச் சிவப்பு வைனில், முழுச் சின்ன வெங்காயங்களோடும் கரட்டோடும், மண்சட்டியில் மூடி, ஊமல் தணலில் மூன்று மணிநேரம் விட்டேன். தணல் இறங்கும்போது ஒவ்வோர் ஊமலாகச் சேர்த்துக்கொண்டிருந்தால் சூடு ஒரே சீராக நிற்கிறது, காஸ் அடுப்பின் மிகச்சிறிய சுவாலையைவிட இது எனக்கு உவப்பாக இருந்தது. பிரஷர் குக்கரிலும் செய்யலாம். ஆனால் மூடிய குக்கரிலிருந்து மது வெளியேற வழியில்லாததால், மூடுமுன் வைனைத் திறந்த சட்டியில் பாதியாக வற்றவைக்கவேண்டும். சேவலுக்கு ஒரு தேக்கரண்டி வறுத்த தூள் தாங்கும். அதற்கு மேல் வேண்டாம்.

வீட்டுக்கு வருபவர்களுக்குச் சொல்லியே பரிமாறவேண்டிய ஒன்று இருக்கிறது. கொதித்தால் மது முழுதாகப் போய்விடும் என்ற எண்ணம் பரவலாக உண்டு, அது உண்மையன்று. அமெரிக்க விவசாயத் திணைக்களம் வெளியிட்ட அட்டவணையின்படி, கலந்து 15 நிமிடம் கொதித்த உணவில் விட்ட மதுவின் 40 வீதமும், ஒரு மணிநேரத்தில் 25 வீதமும், இரண்டரை மணிநேரத்தில் 5 வீதமும் எஞ்சுகின்றன. நெருப்பு மூட்டிச் சுவாலை எழுப்பும் முறையில் 75 வீதம் வரை நின்றுவிடுகிறது. 12 அல்லது 13 வீத மதுவுள்ள வைனில் ஒரு கோப்பையை ஆறு பேருக்கான குழம்பில் விட்டு வற்றவைத்தால் ஒருவர் தட்டில் வருவது சொற்பமே. ஆயினும் சமய நெறிக்காகவோ, குடியை விட்ட உறுதிக்காகவோ, மருந்தின் காரணமாகவோ மதுவை முற்றாகத் தவிர்ப்பவருக்கு அந்தச் சொற்பமும் பெரிய விடயம். எங்கள் மச்சான் ஒருவருக்காக அதே பாரையைப் புளிப்பான முந்திரிகைச் சாற்றிலும் சிறிது தேசிக்காயிலும் தனியாகச் சமைத்தேன். குழந்தைகளுக்கும் அதையே கொடுத்தேன்.

பரிமாறும்போது சோற்றைவிடப் பாண் பொருத்தமாக இருந்தது. சேவல் குழம்பைச் சோறு உறிஞ்சி மறைத்துவிடுகிறது. போறணையில் சுட்ட றோஸ் பாணின் ஓரத்தை முறித்துத் தோய்க்கும்போது அதன் ஒட்டும் பதம் தெரிகிறது. பாரைக்கு இடியப்பம் நன்று. சேவலும் முயலும் மறுநாள் சூடாக்கும்போது இன்னும் சுவை கூடி வந்தன, மீனை மட்டும் அன்றே முடித்துவிடவேண்டும். திறந்த போத்தலில் மிஞ்சிய வைனை இறுக மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் ஐந்தாறு நாள் வைத்திருக்கலாம். அதற்குள் சமைக்க வாய்க்காதென்றால், வற்றவைத்து ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால், அடுத்த மீனுக்கு இரண்டு கட்டியை எடுத்து வெங்காயத்தோடு போடலாம்.